பொறிக்குள் மஞ்சள் கரு

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செருப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒருவர் நிதானத்தின் வீட்டுக் கதவை முழங்கையால் தட்டினார். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை பார்த்தவர்கள். வீடே பற்றி எரிந்தாலும் மனிதர் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவியின் தம்பி, கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர், வேலையில்லாத நாட்களில் வந்து துணைக்கு உட்கார்ந்திருப்பார்; அன்றும் வந்திருந்தார். துப்பு துலக்குவதில் அவருக்கு ஆர்வம் அதிகம், பொறுமை குறைவு.

பெட்டிக்குள் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அதிலிருந்த செடியின் ஒவ்வோர் இலை நுனியிலும் சிப்பிபோல இரண்டு மடல்கள், ஓரத்தில் மெல்லிய முட்கள். பூச்சி உள்ளே வந்தால் மூடிக்கொண்டு தின்னும் பொறிச் செடி. மடல்களில் பாதி கறுத்து அழுகிப்போயிருந்தன.

வந்தவர் இந்த வகைச் செடிகளை மட்டுமே வளர்த்து விற்கும் தோட்டக்காரர். தானே பல வருடம் கலப்புச் செய்து உருவாக்கிய ரகத்துக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்றார். செடிகள் வைத்திருக்கும் கண்ணாடிக் கூடத்துக்குள் அவரைத் தவிர இரண்டு பேர்தான் போவார்களாம். ஒருவர் சமீபத்தில் அவரிடம் நன்றாகத் திட்டு வாங்கிய வேலையாள். இன்னொருவர் ஞாயிறு தவறாமல் வரும் பல் டாக்டர். தன் வீட்டிலும் ஒரு அறை நிறைய இதே செடிகள் வளர்ப்பவர், இந்த ரகத்தை விலைக்குக் கேட்டும் கிடைக்காதவர்.

வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று நிதானம் கேட்டார்.

"அக்கா இருக்காங்க. மாமா தவறினதும் என்கூட வந்துட்டாங்க. அவங்க உண்டு, சமையல்கட்டு உண்டு. தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாங்க" என்றவர், பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "யாரா இருந்தாலும் சரி, கண்டுபிடிச்ச அன்னிக்கே வெளியில அனுப்பிடுவேன். அப்புறம் என் வாசப்படியை மிதிக்க விடமாட்டேன்."

கண்ணாடிக் கூடம் தோட்டக்காரர் வீட்டின் பின்புறம் இருந்தது. உள்ளே வெதுவெதுவென்று ஈரக் காற்று. மேலே கம்பிகளில் குடுவைச் செடிகள் மூடி திறந்த கூஜாக்களாகத் தொங்கின. கீழே நீளமான மேடையில் பொறிச் செடிகள் வரிசையாக வாயைத் திறந்து வைத்திருந்தன. தோட்டக்காரர் போகிற போக்கில் ஒவ்வொரு தொட்டியிடமும் ஏதோ முணுமுணுத்தார். மனிதர்களிடம் பேசும்போது இல்லாத கனிவு அப்போது அவர் குரலில் இருந்தது.

வேலையாள் ஒரு மூலையில் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஏற்கெனவே வந்து, கையில் சின்ன இடுக்கியோடு நின்றிருந்தார். அதைப் பார்த்ததுமே மைத்துனருக்கு வழக்கு முடிந்துவிட்டது. "அத்தான், இடுக்கி" என்று காதில் கிசுகிசுத்தார். பல் டாக்டரிடம் இடுக்கி இல்லாமல் சட்டியா இருக்கும் என்று நிதானம் திருப்பிக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அழுகிய செடிகள் எல்லாம் மேடையின் ஒரே மூலையில் இருந்தன. அங்கே ஒரு முக்காலி கிடந்தது. உட்காருவது யார் என்று கேட்டதற்கு, இங்கே எல்லாருக்கும் நின்றுகொண்டுதான் வேலை, யாரும் உட்காருவதில்லை என்றார் தோட்டக்காரர். முக்காலியின் கால்களில் பாசி படர்ந்திருந்தது. உட்காரும் பலகை மட்டும் சுத்தமாக இருந்தது. நிதானம் அதில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். கைக்கு எட்டிய தொட்டிகள்தான் அழுகியிருந்தன. எட்டாதவை அத்தனையும் செழிப்பாக இருந்தன.

அழுகியவற்றிலும் நடுவில் புதுத் தளிர் பச்சையாக வந்துகொண்டிருந்தது. இறுக மூடியிருந்த ஒரு பொறியைத் திறக்கச் சொன்னார். தோட்டக்காரர் மனசில்லாமல் ஊசியால் பிரித்தார். உள்ளே அவித்த முட்டையின் மஞ்சள் கரு, கொழகொழவென்று நாறியது.

"முட்டையா? இதுக்கு எண்ணெய்ப் பசை ஆகாதே. அழுகிடுமே" என்றார் தோட்டக்காரர். வேலையாளும் பல் டாக்டரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள்.

"முட்டை அசையாது. அசையாததை இது எப்படித் தின்னும்?" என்று கேட்டார் நிதானம்.

தின்னாது என்றார் தோட்டக்காரர். உள்ளே அசைவு இல்லையென்றால் மறுநாளே வாயைத் திறந்துவிடும். செத்த ஈயை ஊட்டும்போது அவரே வெளியிலிருந்து விரலால் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருப்பார். உயிருள்ள இரை என்று நம்பினால்தான் பொறி இறுகும். அதற்குப் பொறுமை வேண்டும், கொஞ்சம் அழுத்தினாலும் மடல் நசுங்கிவிடும்.

அப்போது அக்கா தேநீரோடு வந்து வாசலிலேயே நின்றார். தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். நிதானம் அக்காவையும் உள்ளே வரச் சொன்னார்.

"விஷம் வைக்கிறவன் வேர்ல வைப்பான்" என்று தொடங்கினார் நிதானம். "இங்க வேர் நல்லா இருக்கு, தளிர் நல்லா இருக்கு. வாய் மட்டும்தான் கெட்டிருக்கு. அதனால இது விஷமில்ல, சாப்பாடு. ஊட்டினவங்க அவசரப்படல. உட்கார்ந்து, அது வாயை இறுக்கற வரைக்கும் தடவிக் கொடுத்திருக்காங்க. ஒரு மடல்கூட நசுங்கல. விரோதிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது."

"அப்ப யாரு அத்தான்?" என்றார் மைத்துனர்.

"இந்த ரெண்டு பேருக்கும் தடவணும்னும் தெரியும், முட்டை ஆகாதுன்னும் தெரியும். வெளியாளுக்கு ரெண்டுமே தெரியாது. தடவறது தெரிஞ்சு, முட்டை ஆகாதுன்னு தெரியாம இருக்கணும்னா, அது பார்க்க மட்டும் கிடைச்சு, கேட்கக் கிடைக்காத ஒருத்தர்." முக்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அப்பால், சமையலறை ஜன்னல் தெரிந்தது. "எதுக்காகன்னும் எனக்குத் தெரியும். நானும் வீட்ல தனியா, ரேடியோவைப் போட்டு வச்சுட்டுத்தான் சாப்பிடறேன். அதுல என்ன ஓடுதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது."

அவர் பெயர் சொல்லிக் கை காட்டவில்லை. தேவைப்படவுமில்லை.

"நான்தான்" என்றார் அக்கா. தம்பியைப் பார்த்துப் பேசினார். "மத்தியானம் நீ பார்சல் கட்டற இடத்துலயே நின்னுக்கிட்டு சாப்பிட்டுடுவ. வேலை பார்க்கற இவரும் வீட்டுக்குப் போயிடுவாரு. நான் தட்டை எடுத்துட்டு இங்க வந்துடுவேன். எதிர்ல வாயைத் திறந்துட்டு ஏதாவது இருந்தா, எனக்குச் சோறு இறங்குது. நான் ஒரு வாய், அதுக்கு ஒரு வாய். நீ தடவி ஊட்டறதை ஜன்னல் வழியா பார்த்திருக்கேன். அழுகும்னு தெரியாதுடா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நின்னு பதில் சொல்லுவியா?"

தோட்டக்காரர் கையிலிருந்த கோப்பையை மேடையில் வைத்தார். வேலையாள் தரையைப் பார்த்தார். காலையில் தோட்டக்காரர் போட்ட சபதம் மைத்துனருக்கு நினைவுக்கு வந்தது. குற்றவாளி கிடைத்தால் இப்படி இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தன்னிடம் இருப்பது நாலு புடவைதான் என்றும், இன்றைக்கே கிளம்பிவிடுவதாகவும் சொன்னார் அக்கா. போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது என்பது தம்பிக்குத் தெரியும்.

"வேண்டாம்" என்றார் தம்பி கடைசியில். "இருந்துட்டுப் போ."

"இருந்துட்டுத்தான் இருக்கேன். இருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

தோட்டக்காரரின் முகம் கோணியது. அழுது பழக்கமில்லாததால் அழுகையை அடக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "எனக்கு இதுங்ககிட்டதான்க்கா பேச வருது" என்றார். "போயிடாதக்கா."

நிதானம் மைத்துனரின் தோளைத் தொட்டார். பல் டாக்டரும் வேலையாளும் அவர்களோடு சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். கண்ணாடி வழியே உள்ளே நடப்பது தெரிந்தது; திறந்திருந்த கதவு வழியே பேச்சும் கேட்டது. தோட்டக்காரர் அக்காவை முக்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார். அழுகிய மடலை அடியோடு வெட்டினால்தான் தளிருக்கு நல்லது என்று விளக்கினார். அக்கா ஏன் என்று கேட்டார். அவர் சொன்னார். அதற்கும் ஏன் என்று கேட்டார். அதற்கும் சொன்னார். பிறகு, இதுவரை வேறு யாரையும் தொடவிடாத கத்தரியை அக்கா கையில் கொடுத்தார்.

முதல் வெட்டு கோணலாக விழுந்து, நல்ல மடல் ஒன்றும் சேர்ந்து போயிற்று. தோட்டக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கத்தரியைத் திரும்ப வாங்கவில்லை.