எதிர்ப்பக்கக் கையுறைகள்

கையுறைக்குள் சூடு இருந்தது. யாரோ இப்போதுதான் கையை உருவிக்கொண்டு போனதுபோல விரல் நுனி வரை வியர்வை ஈரம்.

அவள் கைகளை வெளியே இழுத்துக்கொண்டாள். ஜன்னலே இல்லாத அடித்தள ஆய்வறையில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் மேலே கூட்டத்தில். காற்றுப் பட்டாலே பாழாகிவிடும் உலோகங்களுக்காக ஆர்கான் வாயு நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் பெட்டி எதிரே நின்றது. அதற்குள் வேலை செய்ய வேண்டுமானால் பெட்டியோடு பொருத்திய நீண்ட கருப்பு ரப்பர் கையுறைகள்தான் வழி. இந்தப் பக்கம் ஒரு ஜோடி, எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி. இடம் போதாமல் எதிர்ப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்த ஜோடி துளைகளுக்குள் கசங்கிக் கிடந்தது.

"அந்த உலோகத் தகடு இன்னுமா ரெடியாகல?" என்று காலையில் குழுத்தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். "உனக்கு முன்னாடி இருந்தவன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டான்."

"அவர் இப்ப எங்க சார்?"

"ஒப்பந்தம் முடிஞ்சவன் எங்க போறான்னு பாக்குறதா என் வேலை? சாயங்காலம் தகடு வரலன்னா நீயும் கிளம்பிடு."

முனைவர் பட்டம் வாங்கியபின் இது மூன்றாவது ஊர், மூன்றாவது தற்காலிக வேலை. இதுவாவது நிரந்தரமாகுமா என்று கேட்பதையே கணவன் விட்டுவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மறுபடியும் கைகளை நுழைத்தாள்.

பம்ப் சீராக முனகியது; ரப்பர் வாடையோடு, நெடுநாள் பூட்டிக்கிடந்த வாயின் புளிப்பு வாடையும் எங்கிருந்தோ கசிந்து வந்து அவள் மூக்கோரம் நின்றது; குழல்விளக்கின் வெளிச்சம் பெட்டிக்குள் ஒருமுறை தயங்கி மீண்டது. அப்போது எதிர்த்துளையில் ரப்பர் அசைந்தது.

வாயு அழுத்தம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு விரல் நிரம்பியது. பிறகு மற்றவை. உள்ளங்கை. மணிக்கட்டு.

இரண்டு கைகள் அவளை நோக்கி நீண்டு வந்தன. இடுக்கியை எடுத்தன. தகட்டைப் பிசகாமல் தூக்கி, அச்சில் பொருத்தின. அவளுக்கு வராத நிதானம். வேலை முடிந்ததும் இடுக்கியைக் கீழே வைத்தன.

பிறகு அவள் மணிக்கட்டுகளைப் பற்றின.

பின்னால் கதவு திறந்தது. கத்த நினைத்தாள். வாய் அகலத் திறந்தது; சத்தம் வரவில்லை.

"ம். இப்படித்தான் உக்காந்து வேலை பாக்கணும்." குழுத்தலைவரின் குரல். கதவு சாத்திக்கொண்டது.

பிடி இறுகியது. இழுத்தது. முழங்கை உள்ளே போனது. தோள் துளையில் முட்டியது. கன்னம் கண்ணாடியில் அழுந்த, அவள் மூச்சுப் பட்டு அது மங்கியது.

எதிர்க்கண்ணாடியில், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு கன்னம் அழுந்தியிருந்தது. அதன் வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. அந்தக் கண்ணாடி மங்கவே இல்லை.