பழுதான நெல்லின் படம்

"நான் போடேல்லை ஐயா. என்ரை பிள்ளை மேலை சத்தியம், நான் போடேல்லை!"

தில்லைநாதனின் வீட்டு வாசலில் ஜெகதீஸ்வரி கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றாள். முரசுமோட்டையில் நெல் அவித்துக் குத்தி அரிசி விற்பவள். தினமும் எக்ஸ் தளத்தில் இரண்டு வரியும் ஒரு படமும் போட்டுப் போட்டே கொழும்புக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்திருந்தாள். அதே பக்கத்தில் இன்று காலை கறுத்துப்போன நெல்லின் படம். கீழே, 'எங்கட நெல் பழுது. வாங்காதேங்கோ.' பின்னேரத்துக்குள் விளக்கம் வராவிட்டால் ஓடர் இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஓடர் போனால் அவள் பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். பாஸ்போட்டும் எடுத்தாயிற்று.

ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளரான தில்லைநாதன் படத்தைப் பெரிதாக்கினார். அவருடைய தங்கை மகள் சாரங்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். துப்பு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். தரையில் விரித்த தறப்பாள், அதில் நெல், படத்தின் கீழ் ஓரத்தில் எடுத்தவரின் வெறுங்கால் பெருவிரல் நுனி. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பாஸ்வேட் ஆருக்குத் தெரியும்?"

"பதிவு எழுதித் தாற கிருசாந்தனுக்கும், என்ரை கூட்டாளி பத்மாசனிக்கும்தான் ஐயா."

போய்ப் பார்த்தபோது இருவரும் ஜெகதீஸ்வரி வீட்டில், நெல் காயும் முற்றத்தில் இருந்தார்கள். கொழும்பில் வளர்ந்த கிருசாந்தன் இவர்களைக் கண்டதும் நெல்லுக்குக் குறுக்கே நடந்து வந்தான்.

"எத்தினை தரம் சொல்லுறது தம்பி! சப்பாத்தோடை நெல்லுக்குள்ளை ஏறாதேங்கோ!" என்று பத்மாசனி கத்தினாள்.

"சொறி அக்கா, திரும்பவும் மறந்திட்டன்."

"மாமா, இவர்தான்," சாரங்கா கிசுகிசுத்தாள். "இவவுக்குப் போட்டியா நெல் குத்துற மில்லுக்கும் இவர்தானாம் பதிவு எழுதுறவர்."

தில்லைநாதன் அவசரப்படவில்லை. எல்லோரையும் கதிரைகளில் இருத்திவிட்டுப் படத்தைக் காட்டினார்.

"நெல்லுக்கு நடுவிலை நிண்டு எடுத்த படம். எடுத்த ஆள் செருப்பைக் கழட்டிப் போட்டுத்தான் ஏறியிருக்கு. ஒண்டுக்கும் உதவாத பழுதான நெல், பக்கத்திலை ஆருமில்லை, எண்டாலும் நெல்லைச் செருப்போடை மிதிக்கிறது பாவமெண்டு கழட்டியிருக்கு. கிருசாந்தனுக்கு ஏச்சு வாங்கியும் அந்தப் பழக்கம் வரேல்லை. பிள்ளை பத்மாசனி, இனி நீங்கள்தான் சொல்லவேணும்."

பத்மாசனி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எல்லாப் படத்திலையும் இவவின்ரை முகம். நானும்தானே அவிச்சனான், நானும்தானே குத்தினனான்? கொழும்புக் கடைக்காரர் என்ரை பேரைக்கூடக் கேக்கேல்லை."

யாரும் சொல்லாமலே கைபேசியை வாங்கினாள். தான் செய்ததை இரண்டு வரியில் எழுதித் தன் பெயரையும் போட்டாள். கடைசியில் கடைக்காரரின் பதில் வந்தது. 'நாளைக்கு வந்து நெல்லைப் பாக்கிறம். நல்லதெண்டால் எடுப்பம்.'

ஜெகதீஸ்வரி விம்மி விம்மி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டாளியைப் பார்த்தாள்.

"பழுதான நெல்லைச் செருப்போடை மிதிக்கவே பயந்து கழட்டினனி. என்ரை பிள்ளையின்ரை வயித்தை மிதிக்கேக்கை உனக்குப் பயம் வரேல்லையோடி?"