முதுகுக்குப் பின்னால் ஒரு கை

மூன்றாவது தடவையும் பொறி பறந்தது.

பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரமாகிவிட்டது. அந்தப் பழைய குண்டு மானிட்டர், மூடி கழற்றப்பட்டு, திரையைக் கண்ணாடிக் கதவுப் பக்கமும் முதுகை அவள் பக்கமும் காட்டியபடி மேசையில் உட்கார்ந்திருந்தது. இந்த ரகமெல்லாம் கொஞ்சம் மின்சாரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரைப் படக்குழாயின் ரப்பர் மூடிக்கடியில் நுழைத்தால் 'டப்'பென்று ஒரு சத்தம், மிச்சமெல்லாம் இறங்கிவிடும், அதோடு சரி. இதில் ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடிக்கொண்டே போனது.

"என்னங்க, இதுக்குள்ள இன்னும் கரண்ட் இருக்கு."

குடையைத் தேடிக்கொண்டிருந்த கணவன் திரும்பாமலே சொன்னான். "உன்னோட குடித்தனம் பண்ற எனக்கே இன்னும் இருக்கு. அதுக்கு இருக்காதா?"

"விளையாடாதீங்க. இதைக் கொண்டுவந்த அச்சகக்காரர் என்ன சொல்லிட்டுப் போனாரு? பிளக்கைப் பிடுங்கினாலும் தானா ஆனாகுதுன்னு."

"அவரு கண்ணாடியை மாத்தணும். கண்டென்சர் உப்பியிருக்கு பாரு, கோளாறே அதான். புதுசு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் உள்ள கை விடாத. விட்டாலும்..."

"ஒரு கை. தெரியும், போயிட்டு வாங்க."

அவர்களுடைய ரிப்பேர் கடையின் விதி அது. மானிட்டருக்குள் வலது கை போனால், இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் ஒன்றில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மற்றதில் இறங்கும். கல்யாணமான புதிதில் அவள் அடிக்கடி மறந்துபோவதைப் பார்த்து, அவன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த இடது கையைப் பிடித்துக்கொள்வான். ஒன்பது வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் போகவிடவும் இல்லை.

வெளியே மழை பிற்பகலை இருட்டாக்கியிருந்தது. ஓட்டைக் குழாய் ஒன்று எங்கோ கொட்டிக்கொண்டேயிருக்க, கடைக்குள் தூசி வறுபடும் வாசனை மெல்லப் பரவியது. பிடுங்கி வைத்த பெட்டியில் தூசி எதற்கு வறுபட வேண்டும்?

நான்காவது தடவை ஸ்க்ரூடிரைவரால் தொட்டாள். பொறியில்லை. அப்பாடா.

அவன் வருவதற்குள் பழைய கண்டென்சரை எடுத்துவிடலாம் என்று, இரும்புச் சட்டத்தின் இடுக்கில் வலது கையை நுழைத்தாள். மணிக்கட்டு இறுக்கமாகத்தான் போனது. விரல்கள் கண்டென்சரின் காலைத் தொட்டன. இடது கை தானாகப் பின்னால் போயிற்று.

ஸ்டூல் கிறீச்சிட்டது. ஒரு கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

கண்டென்சரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் தொடர்ந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. பொறி நின்னுடுச்சு, அதான் விட்டேன்."

பிடி இறுகியது. மழையில் வந்த கை ஈரமாக இருக்க வேண்டும். இது காய்ந்திருந்தது. பழைய தாள் மாதிரி.

அவள் நிமிர்ந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தெருவின் எதிர்ப்பக்கம், குடையோடு அவள் கணவன் நின்றிருந்தான். கிடைத்துவிட்டது என்று பொட்டலத்தை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். பிறகு அவன் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போனது.

சிரிப்பு நின்றது. குடை விழுந்தது. ஓடிவந்தான்.

அவள் திரும்பவில்லை. இடது கையை உதறினாள். விடவில்லை. வலது கையை இழுத்தாள். வரவில்லை. சட்டத்தைச் சாய்த்தால்தான் வரும். சாய்க்க இன்னொரு கை வேண்டும்.

பிளக் மேசைமேல் கிடந்தது. அவள் கண்ணெதிரே. எதிலும் மாட்டாமல்.

திரை உயிர்பெற்றது. கதவுக் கண்ணாடியில் நீல வெளிச்சம். மெல்லிய இரைச்சல். அவள் கையில் ஒவ்வொரு முடியாக எழுந்து நின்றது.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளிக்கொண்டேயிருந்தான். அது இழுக்க வேண்டிய கதவு.

முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை அவள் இடது கையை முன்னால் கொண்டுவந்தது. அவசரமே இல்லாமல். பிரியமாக. மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டது.

இரும்புச் சட்டத்துக்கு நேராக.