குறட்டால் இறுக்கிய தோடு

எசன் அணியிடம் மூன்று வருடம் வரிசையாகத் தோற்றால் யாருக்குத்தான் கோபம் வராது? லவினியாவுக்கும் வந்தது. பத்து வயது லவினியாதான் டோர்ட்மண்ட் நீலவானம் கழகத்தின் சிறுவர் அணிக்குக் கோல் காப்பாளர்.

அது 2005ஆம் ஆண்டுக் கோடை. ஜெர்மனியில் தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி. எதிரில் நின்றது மறுபடியும் அதே எசன் செங்கதிர் கழகம்தான். இரண்டு அணியிலும் பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்தே இருந்தார்கள்.

"இந்த முறை கிண்ணம் எங்களுக்குத்தான்," என்று பயிற்சியாளர் ஜெசிந்தன் அண்ணை காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். பத்துத் தடவையும் எசன் அணியின் சிந்துஜாவைக் கவலையோடு பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவள் காலில் பந்து கிடைத்தால் அது கோலுக்குள் போய்த்தான் நிற்கும்.

போன வருடம் நடுவராக நின்றவர் எசன்காரர் ஒருவரின் மாமா. அதற்கு முந்திய வருடம் டோர்ட்மண்ட் மாமா. இரண்டு தடவையும் பெரியவர்கள் தொண்டை கிழியச் சண்டை பிடித்தார்கள். அதனால் இந்த முறை ஒரு ஜெர்மன் நடுவரை அழைத்திருந்தார்கள். அவர் யாருக்கும் மாமா இல்லை.

விசில் ஊதுவதற்கு முன் அவர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தினார். சப்பாத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். சிந்துஜாவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

அவள் காதுகளில் புதுத் தங்கத் தோடு. போன கிழமைதான் பிறந்தநாளுக்கு அம்மா போட்டுவிட்டிருந்தார்.

"நகையோடு விளையாட முடியாது. கழற்ற வேண்டும்," என்றார் நடுவர் ஜெர்மன் மொழியில்.

சிந்துஜாவின் அம்மா குமுதினி ஓடிவந்தார். தோட்டின் பின்பக்கச் சுரையைப் பிடித்துத் திருகினார். அது அசையவே இல்லை.

"ஆ! நோகுது அம்மா!"

"ஐயோ, கழட்டேலாமல் கிடக்கே! விளையாடேக்க விழுந்து துலைஞ்சிடும் எண்டு நான் குறட்டால எல்லோ இறுக்கினனான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குமுதினி சிரிக்கவில்லை. "பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் காணாதோ?" என்று கேட்டார். எசன் பயிற்சியாளர் அதை ஜெர்மன் மொழியில் சொன்னார். நடுவர் தலையை ஆட்டி மறுத்தார். இன்னும் பத்து நிமிடம்தான் பொறுப்பேன் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஜெசிந்தன் அண்ணை லவினியாவின் காதருகே குனிந்தார். "பிள்ளை, கிண்ணம் வந்திட்டுது!"

லவினியாவின் மனமும் உள்ளுக்குள் குதித்தது. சிந்துஜா இல்லாத எசன் அணிக்குக் கோல் அடிக்க ஆளே இல்லை.

ஆனாலும் அவள் கண் சிந்துஜாவின் காதை விட்டு அகலவில்லை. காது இரத்தமாகச் சிவந்திருந்தது. சிந்துஜா அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

போன மாரியில் லவினியாவின் தோடும் இப்படித்தான் இறுகிப்போனது. அப்போது அவள் அம்மா பிறேமா ஒரு துளி எண்ணெய் விட்டார். பிறகு பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு திருகினார். சுரை பேசாமல் வந்துவிட்டது.

லவினியா தன் கையைப் பார்த்தாள். கோல் காப்பாளரின் கையுறை. உள்ளங்கை முழுக்க ரப்பர்.

இது அவளுக்குத் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. சும்மா நின்றாலே போதும், கிண்ணம் கைக்கு வந்துவிடும். ஆனால் சிந்துஜாவைத் தடுத்தது யார் என்று நாளைக்கு யாராவது கேட்டால்? நான் இல்லை, குறடு என்றுதான் சொல்ல வேண்டும்.

"சே!" என்று சொல்லிவிட்டு லவினியா மைதானத்தின் ஓரத்துக்கு ஓடினாள். அங்கே அவள் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் எண்ணெய் தாங்கோ. சூடில்லாதது!"

"எண்ணெயோ? விளையாடப் போற பிள்ளைக்கு எண்ணெய் என்னத்துக்கு?"

"பிறகு சொல்லுறன்!"

போத்தல் மூடியில் எண்ணெயோடு அவள் எசன் பிள்ளைகளுக்கு நடுவே போய் நின்றாள். "அன்ரி, கொஞ்சம் விலத்துங்கோ. நான் கழட்டிவிடுறன்."

சிந்துஜா சந்தேகத்தோடு பார்த்தாள். "நீ டோர்ட்மண்ட் எல்லோ?"

"ஓம். அசையாத."

"பிறகு ஏன் எனக்குச் செய்யிறாய்?"

"கதைக்காத. கதைச்சால் காதும் ஆடுது."

எண்ணெய் விட்டு நூறு வரை எண்ணினாள். பிறகு ரப்பர் விரல்களால் சுரையைப் பிடித்து மெல்லத் திருகினாள். முதல் சுரை வந்தது. அடுத்ததும் வந்தது. குமுதினி இரண்டு தோடுகளையும் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜெசிந்தன் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "என்ன பிள்ளை செய்துபோட்டாய்!"

அவள் என்ன செய்தாள் என்பது ஆறாவது நிமிடத்தில் தெரிந்தது. சிந்துஜா அடித்த பந்து நேராக லவினியாவின் கைக்குத்தான் வந்தது. எண்ணெய் பட்ட கையுறையில் அது மீன்போல வழுக்கிக் கோலுக்குள் போய்விட்டது.

லவினியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையுறைகளைக் கழற்றிப் புல்லில் எறிந்தாள். வெறுங்கையோடு நின்றாள்.

அதன்பிறகு சிந்துஜா நான்கு முறை அடித்தாள். நான்கையும் லவினியா பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. இரண்டாம் பாதியில் டோர்ட்மண்டும் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது.

கடைசி நிமிடம். சிந்துஜா இடப்பக்கத்தால் ஓடிவந்து மூலைக்கு அடித்தாள். லவினியா பாய்ந்தாள். விரல் நுனி பந்தில் பட்டது. பட்டும் பந்து கம்பத்தில் மோதி உள்ளே விழுந்தது.

எசன் இரண்டு, டோர்ட்மண்ட் ஒன்று. நான்காவது வருடமும் தோல்வி.

லவினியா கோல் கம்பத்தில் சாய்ந்து நன்றாக அழுதாள். ஜெசிந்தன் அண்ணை பக்கத்தில் வந்து குந்தினார். அவள் சிவந்த கையைப் பார்த்து, "வெறுங்கையால நாலு பந்து," என்றார். "நான் விளையாடின காலத்தில ஒண்டும் பிடிச்சதில்லை."

அதற்குள் எசன் பக்கம் ஒரே சத்தம். கிண்ணத்தோடு படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றாயிற்று. ஆனால் குமுதினி குறுக்கே நின்றார்.

"வெறுங்காதோட என்ர பிள்ளையைப் படம் எடுக்க விடமாட்டன்!"

தோட்டைப் பூட்ட அவர் முயன்றார். எண்ணெய் பட்ட சுரை விரலில் நிற்காமல் வழுக்கியது. சிந்துஜா அம்மாவின் கையிலிருந்து தோடுகளை வாங்கிக்கொண்டு, மைதானத்தைக் கடந்து லவினியாவிடம் வந்தாள்.

"நீயே பூட்டிவிடு," என்றாள்.

லவினியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கிண்ணமும் எசன் அணியும் காத்துக்கொண்டு நின்றன.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு. விழுந்திடும்," என்றாள் சிந்துஜா.

"விழாது. இவ்வளவு காணும்," என்றாள் லவினியா. "அடுத்த வருசம் இதை நீயே கழட்டிப்போட்டு வரவேணும். உன்ர பந்தைப் பிடிக்க எனக்கு என்ர கையுறை வேணும்."