மஞ்சள் படாத பை

சென்னை நிறுவனத்தின் அறிக்கை வந்த அன்று வக்கீல் சஃபியாவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துச் சுமக்கும் பையைப் பற்றிய அறிக்கை அது. பையின் கிளிப்பில் எந்தக் குறையும் இல்லை, எட்டு மாதக் குழந்தையின் எடையைப் போல மூன்று மடங்கை அது தாங்குகிறது, ஆகவே தாய் கிளிப்பைச் சரியாகப் பூட்டாததே விபத்துக்குக் காரணம் என்று முடித்திருந்தார்கள்.

அந்தத் தாய் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். குடவாசல் பக்கத்துக் கிராமத்து அம்சவல்லி. ஐப்பசியில், நடவு ஆட்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகைத் தாண்டும்போது, நெஞ்சில் இருந்த பிள்ளை நழுவிச் சிமெண்டுக் கட்டையில் விழுந்து இறந்துபோனது. இப்போது தை பிறந்துவிட்டது. சஃபியா அறிக்கையைப் படித்துச் சொன்னபோது அவள் அழவில்லை. வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மடியில் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தன. அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும்.

"பணமெல்லாம் எனக்கு எதுக்கு மேடம்? நான் கிளிப்ப மாட்டுனேனா மாட்டலையா, அது தெரியணும். மாட்டுன மாதிரிதான் இருக்கு. ஆனா யோசிக்க யோசிக்க, மாட்டாத மாதிரியும் இருக்கு" என்றாள் அம்சவல்லி.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"சிங்கப்பூர்லேர்ந்து அவங்க அம்மாவுக்குப் போன் பண்றாரு. என்கிட்ட குடுக்கச் சொல்றதில்ல."

சஃபியா ஒரு காகிதத்தை எடுத்து முடிவு கட்ட ஆரம்பித்துவிட்டாள். எதிராளியின் முதல் வரியைப் படிக்கும்போதே குற்றவாளி யார் என்று தீர்மானித்துவிடுகிற சுபாவம் அவளுக்கு. பாதி நாள் அது தப்பாகத்தான் இருக்கும். அதற்காக அவள் அசந்ததில்லை. நிறுவனம் அந்தப் பைகளைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு பை கொடுக்கிறது என்று ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் தம்மாத்தூண்டு விளம்பரம் வந்ததை நம்பித்தான் அவள் வழக்கே போட்டிருந்தாள். "பையை மாத்திட்டாங்க சார். சோதனைக்குப் போன இடத்துல நல்ல பையை வச்சுட்டாங்க" என்றாள் மூலைப் பக்கம் திரும்பி.

மூலையில் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்த இளையபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக மோதிய பஸ்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்வையிட்டே தலை நரைத்தவர். இப்போது சஃபியா மாதிரி வக்கீல்கள் கூப்பிட்டால் வருவார். அவர் அம்சவல்லியைத்தான் கேட்டார்: "பை எப்படிம்மா வந்துச்சு வீட்டுக்கு?"

"அவங்க லீவுல வந்தப்போ தஞ்சாவூர்ல வாங்குனாங்க. ரெண்டு பை. எனக்கு ஒண்ணு, என் ஓரகத்தி கமலா அக்காவுக்கு ஒண்ணு. ரெண்டு பிள்ளைக்கும் ஒரு மாசந்தான் வித்தியாசம். அப்ப ரெண்டு வீடும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அத்தைதான் ரெண்டு பைக்கும் ஓரத்துல மஞ்சள் வச்சு, சாமி படத்துக்கிட்ட வச்சு எடுத்துக் குடுத்தாங்க."

"இப்ப ஒண்ணா இல்லையா?"

"பாகம் பிரிச்சதுல போர்க்கிணறு யாருக்குன்னு சண்டை. நடுவுல சுவர் எடுத்துட்டாங்க. பேச்சு இல்ல."

"பிள்ளையோட சாமான் வேற ஏதாவது வீட்ல இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார். பாலாடை, கிலுகிலுப்பை, போர்வை எல்லாத்தையும் அத்தை குழியிலயே வச்சு மூடிட்டாங்க. கண்ணுல பட்டா பிள்ள திரும்பித் திரும்பி வரும்னு. நான் அப்ப நெனவுலயே இல்ல." விரல்கள் அழுத்தின, விட்டன. "வக்கீல் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து கேட்டப்போ அத்தைதான் பைய எடுத்துக் குடுத்தாங்க. நான் எங்க அப்பா வீட்ல கெடந்தேன். அந்தப் பைய நான் அப்புறம் பார்க்கவே இல்ல. பார்க்கவும் முடியாது."

மறுநாள் நுகர்வோர் மன்றத்தில் அனுமதி வாங்கிப் பையைப் பார்த்தார்கள். நீலத்துணிப் பை, கறுப்பு வார், கறுப்பு கிளிப். இளையபெருமாள் கிளிப்பைத் தொடக்கூட இல்லை. பையின் ஓரங்களை ஒவ்வொன்றாக மடித்து, தையலைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி விரலால் நீவிக்கொண்டே போனார். பிறகு பையை மூக்கருகே கொண்டுபோனார்.

"விளக்கெண்ணெய். கழுத்துப் பக்கம் பால் கக்கின கறை. ஆக, இதுல ஒரு பிள்ளை இருந்திருக்கு" என்றார்.

"அப்ப இது நம்ம பைதானா?" சஃபியாவின் குரல் இறங்கிவிட்டது.

"மஞ்சள் எங்கே?"

அவள் குனிந்து தேடினாள். நாலு ஓரத்திலும் இல்லை. "துவைச்சதுல போயிருக்கும் சார்."

"துவைச்சிருந்தா முதல்ல பால் கறையில்ல போயிருக்கணும்? இந்தப் பையில தண்ணியே படலைம்மா. மஞ்சள் போகலை. மஞ்சள் வைக்கவே இல்லை."

"அதைத்தானே நானும் சொல்றேன். கம்பெனிக்காரன் மஞ்சள் வைப்பானா? அவன்தான் மாத்தியிருக்கான்."

"கம்பெனிக்காரன் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் தடவிப் பால் கக்க வைப்பானா?" இளையபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஒரு வீட்ல இருந்த பை. இந்த ஊர்ப்பக்கத்து வீடு. பிள்ளைக்குப் புதுசா ஒண்ணு வாங்கி மஞ்சள் வைக்காம எடுக்கிற வீடு நம்ம பக்கத்துல எது, சொல்லு."

சஃபியாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் தீபாவளிப் பாவாடையில் ஓரத்து மஞ்சளைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் வேண்டும் என்று அழுதிருக்கிறாள். "எல்லாரும்தானே சார் வைப்பாங்க" என்றாள்.

"எல்லாரும் வைப்பாங்க. ஒரு சமயம் மட்டும் வைக்க மாட்டாங்க. நாளைக்கு ஊருக்குப் போவோம்" என்று எழுந்துகொண்டார்.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடிய வயல்களில் வைக்கோல் கிடக்க, ரோட்டோரம் நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நில உச்சவரம்பில் போனது போக மிஞ்சியதை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வீடு அது. வாசலிலிருந்து கொல்லைவரை நடுவில் பூசாத செங்கல் சுவர். இந்தப் பக்கம் சிங்கப்பூர்க்காரர் வைரக்கண்ணுவின் பாகம். அந்தப் பக்கம் அண்ணன் வைத்தியலிங்கம். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. ஐப்பசிக்குப் பிறகு அதை யாரும் போடவில்லை.

மாமியார் பிரகதாம்பாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளையபெருமாள் கேட்டுக்கொண்டதால் வைத்தியலிங்கமும் கமலாம்பாளும் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பாகம் பிரித்த பிறகு அவர்கள் இந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. வைத்தியலிங்கம் உட்காரவில்லை. கதவோரத்தில் அம்சவல்லி நின்றாள். அவள் விரல்கள் முந்தானை நுனியை அழுத்திக்கொண்டிருந்தன. சஃபியா குறுகுறுவென்று வைத்தியலிங்கத்தையே பார்த்தாள். நேற்று இரவுவரை நிறுவனம் குற்றவாளி, இன்று காலையிலிருந்து அவர்தான்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை. ஒரே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார் இளையபெருமாள். "இந்த வீட்ல பிள்ளை தவறினப்போ, உங்க வீட்லயும் தீட்டு காத்தீங்களா?"

வைத்தியலிங்கம் முகத்தைச் சுளித்தார். "பங்காளி ஆச்சே சார். பல்லு மொளச்ச பிள்ள. பேச்சு இல்லேன்னா தீட்டு இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. தீட்டுக்குள்ள ஒரு புதுத்துணி வந்தா மஞ்சள் வைப்பீங்களா?"

"எப்படி வைப்போம்?" என்று சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் நின்றுவிட்டார். கமலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்றத்துல இருக்கிற பையில மஞ்சள் இல்லை" என்றார் இளையபெருமாள், குரலை உயர்த்தாமல். "இந்த அம்மா கையால மஞ்சள் வச்ச ரெண்டு பையில எதுவும் அது இல்லை. மூணாவது பை. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வந்திருக்கு. பிள்ளை அதுல இருந்தும் இருக்கு. ஆனா மஞ்சள் வைக்க முடியாத நாள்ல வந்திருக்கு. பிள்ளையும் தீட்டும் சேர்ந்து இருந்த வீடு சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணுதான். சாவு விழுந்த பயத்துல நீங்க தஞ்சாவூர் போயி, உங்க பையைக் கடையில குடுத்துட்டு மாத்துப் பை வாங்கினீங்க. சரியா?"

பதில் சொன்னது கமலாம்பாள்தான். "கிளிப்பு புதுசு, பயமில்லேன்னு கடையில சொன்னாங்க சார். ஊசி போட ஒரு தடவ எடுத்துட்டுப் போனேன். அப்புறம் மனசு வரல, மடிச்சு வச்சுட்டேன்." நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள்: "கடையிலேர்ந்து போன் முன்னாடியே வந்துச்சு. பில்லுல என் வீட்டுக்காரர் நம்பர்தான் இருந்துச்சு. கிளிப்பு விட்டுடுது, ரெண்டு பையையும் கொண்டுவாங்கன்னு புரட்டாசியிலயே சொன்னாங்க. போவோம் போவோம்னு இருந்தோம். இங்க யாரும் சொல்லல."

"ஏன் சொல்லல?" என்று சஃபியா கேட்டாள்.

"பேச்சு இல்லையே" என்றார் வைத்தியலிங்கம். அதைச் சொன்ன பிறகு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சாவின் தீட்டு அந்தச் சுவரைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு போன் சேதி தாண்டி வரவில்லை. இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு என்று சஃபியாவுக்குத் தெரியவில்லை. அவள் அம்சவல்லியைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே இருந்தது. விரல்கள் நிற்கவில்லை.

"அப்போ பையை மாத்தினது இவர்தானா சார்?" என்றாள் சஃபியா.

"இல்லை. இவர் தன் பையைத்தான் மாத்தினார். மன்றத்துக்கு அது போனது வேற கையால." இளையபெருமாள் மாமியார் பக்கம் திரும்பினார். "அம்மா, வக்கீல் ஆபீஸ் ஆள் வந்து கேட்டப்போ உங்ககிட்ட அம்சவல்லியோட பை இல்லை. பிள்ளையோட சாமான் எல்லாம் போன எடத்துக்கு அதுவும் போயிடுச்சு. இல்லேன்னு சொன்னா, எங்கேன்னு கேப்பாங்க. சுவரைச் சுத்திப் போயி கமலாம்பாகிட்ட கேட்டு வாங்கிக் குடுத்துட்டீங்க."

பிரகதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வெளியே யாரோ நெல்லைக் கிளறுகிற சத்தம் கேட்டது.

"குழியத் தோண்டுவாங்க. கோர்ட்டு, போலீசுன்னா தோண்டுவாங்கல்ல. டிவியில காட்டுனாங்க" என்றார். "பச்சப்புள்ள. மூடுனது மூடுனதா இருக்கட்டும்னு நெனச்சேன். அந்தப் பையும் இந்தப் பையும் ஒண்ணு மாதிரிதான இருந்துச்சு."

"இன்னும் ஒண்ணு கேக்கணும்மா. அன்னைக்கு மதகுகிட்ட முதல்ல ஓடினது நீங்க. மருமக மேலேர்ந்து பையை எப்படிக் கழட்டுனீங்க?"

"கழட்டல. அறுத்தேன்."

"எதை?"

"தோள்ல கெடந்த வாரத்தான். நடவு ஆள் யார்கிட்டயோ அருவா வாங்கி அறுத்தேன். அவ புள்ளயப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா. கிளிப்ப அமுக்கிப் பார்த்தேன், வரல. பூட்டுனது பூட்டுனபடியே இருந்துச்சு. அதோட நாக்கு ஒடஞ்சு பூட்டுக்குள்ளயே நின்னுச்சு, இடுப்பு வார் மட்டும் பிச்சுக்கிட்டுத் தொங்குச்சு."

சஃபியா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டாள். இத்தனை நாள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை. பை கைக்கு வந்ததும் பையைப் பார்த்தாள்; அதைக் கழற்றியது யார் என்று யோசிக்கவே இல்லை.

"பூட்டியிருந்துச்சா அத்தை?" என்றாள் அம்சவல்லி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"பூட்டித்தான் இருந்துச்சு."

"மூணு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். சொன்னா பை எங்கேன்னு கேப்பாங்களே." கிழவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "நீ உசுரோட இருக்க. அவன் மண்ணுக்குள்ள கெடக்கான். யாரப் பாக்கறதுன்னு தெரியல அம்சு."

இளையபெருமாள் மெல்லச் சொன்னார்: "குழியைத் தொட வேண்டியதில்லை. கமலாம்பாவோட பழைய பை கடை வழியா கம்பெனிக்குப் போயிருக்கு. ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினது. அதை ஏன் வாங்கி வச்சீங்க, இதைப் பத்தி ஏன் இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சொல்லலைன்னு அவங்கதான் இனிமே பதில் சொல்லணும். பை மாறின கதையை நாமே முதல்ல மன்றத்துல சொல்லிடுவோம். நீங்க மூணு பேரும் இப்ப சொன்னதை அங்கயும் சொன்னா போதும்."

"அங்க தோண்டச் சொன்னா?" என்று பிரகதாம்பாள் மறுபடி கேட்டார்.

"நான் விடமாட்டேன்" என்றாள் அம்சவல்லி.

அவள் உள்ளே போய் ஒரு செல்போனை எடுத்துவந்தாள். சிங்கப்பூருக்கு எண்ணைப் போட்டு, மாமியாரின் கையில் கொடுத்தாள். மன்னித்த மாதிரியும் இல்லை, கோபித்த மாதிரியும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பது போலத்தான் கொடுத்தாள்.

"உங்க மகன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

போனில் மணி போய்க்கொண்டிருந்தது. அம்சவல்லி மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் பிரகதாம்பாள் நலம் விசாரிக்கவில்லை. "வைரக்கண்ணு, கிளிப்பு பூட்டித்தான்டா இருந்துச்சு" என்றார். பிறகு இன்னும் சத்தமாக அதையே சொன்னார். லைன் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

சஃபியா அம்சவல்லியின் மடியைப் பார்த்தாள். வலது கை மல்லாந்து கிடந்தது. விரல்கள் அசையவில்லை.