தலையாரி சுமந்த மண்

கொல்லையில் குழி பெரிதாகியிருந்தது.

கூத்தையா தோளில் இருந்த குடத்தை இறக்காமலே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்தோரு நாளைக்கு முன்னால், விடியுமுன்னே, இதே முருங்கை மரத்தடியில் அவன் தோண்டி எடுத்தது ஒரு தேங்காய் அளவு மண். அன்றைக்கே காலால் தள்ளி மூடியும் விட்டான். இப்போது அங்கே ஓர் ஆட்டுக்குட்டி படுத்து உறங்கலாம். எலி பறித்திருந்தால் மண் வெளியே குவிந்திருக்க வேண்டும். நாய் பறித்திருந்தால் நகம் பட்ட கீறல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை, குழியின் ஓரம், சட்டியை விரலால் வழித்தது போல வழவழவென்று இருந்தது. போன மண் எங்கே போனதென்றுதான் தெரியவில்லை.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவன் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் உடைமர நிழலில், ஆடு மேய்ப்பவர்களில் மூத்தவளான ராக்கு உட்கார்ந்திருந்தாள். அவள் இந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜமீன் ஒழிந்து, ஊர் ஊராக நிலத்தை அளந்து பட்டா எழுதிக்கொண்டு வந்த செட்டில்மெண்ட் அதிகாரி, சிக்கலுக்குத் தெற்கே இருந்த இந்த ஊருக்கு வந்தபோது, பழைய நிலப்படத்தில் ஊருணிக்குப் போகும் மேய்ச்சல் தரிசு இருந்த மடிப்பைக் கரையான் தின்றிருந்தது. ஊரில் பெரிய நிலக்காரரான சேதுராமன் அந்தத் தரிசு தன்னுடையது என்றார். ஆடு மேய்ப்பவர்கள் ஊருடையது என்றார்கள். அதிகாரி அலுத்துப்போய், ஊர் வழக்கம் எதுவோ அதன்படி எல்லையைக் காட்டுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஊர் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லைத் தகராறு வந்தால் ஊர்க் காவலனான தலையாரி குளித்து, ஈரவேட்டியோடு, தகராறான நிலத்தின் மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பேசக் கூடாது, திரும்பக் கூடாது. அவன் நடந்த வழிதான் எல்லை. அதற்குப் பிறகு நாற்பது நாள் ஊர் காத்திருக்கும். அதற்குள் தலையாரி வீட்டில் சாவோ நோவோ வந்தால் அவன் பொய் நடந்தான் என்று அர்த்தம், நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கிவிடலாம். வராவிட்டால் நாற்பதாம் நாள் எதிர்த் தரப்பில் மூத்தவர் மூன்று முறை "வீடு சொகமா?" என்று கேட்பார். மூன்று முறையும் சுகம் என்று அவன் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த எல்லையை ஆண்டவனாலும் அசைக்க முடியாது.

தலையாரி கூத்தையா பொய்தான் நடந்தான். தரிசு சேதுராமன் பக்கம் விழும்படி நூறு தப்படி தள்ளி நடந்தான். சேதுராமன் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. "ஏலே கூத்தையா, மூணு தலைமொறையா ஊரான் நெலத்தக் காவ காக்குறீக. ஒம் பொண்டாட்டி வயித்துல ஒண்ணு வளருது. அது காலூண்டி நிக்க ஒரு துண்டு மண்ணு வச்சிருக்கியா நீ?" ஓர் ஏக்கர், அவன் பெயரில், பட்டாவோடு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. எந்தத் தகப்பன்தான் ஆசைப்பட மாட்டான்?

ஆனால் சத்தியத்துக்குப் பயந்தான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். மண்ணை எடுத்து வருவது தலையாரிதானே. தரிசு மண்ணை எடுக்காமல் தன் கொல்லை மண்ணை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். தகராறான மண் தலையில் இல்லையென்றால் சத்தியம் எப்படி ஒட்டும்? அன்றைக்கு அவனைவிடக் கெட்டிக்காரன் சீமையிலேயே கிடையாது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது முப்பது நாளைத் தாண்டியிருந்தது.

அவன் நடந்த வழியில் இராமநாதபுரத்திலிருந்து வண்டியில் வந்த முள்கம்பியைச் சேதுராமன் பனங்கம்பு நட்டு இழுத்துக் கட்டினார். அது ஓரிடத்தில் கூத்தையாவின் வீட்டை உரசிக்கொண்டு போனது. ஊரில் அதுவரை யாரும் முள்கம்பியைப் பார்த்ததில்லை. ஆடிக் கச்சான் காற்று கடல் பக்கமிருந்து உப்பையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வந்து அந்தக் கம்பியில் மோதும்போது, பகல் முழுக்க ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. வழி தெரியாமல் முட்டிய ஆடுகளின் மயிர் முள்ளுக்கு முள் தொங்கியது. கம்பியை யாராவது அறுத்துவிடாமல் கம்போடு காவல் நிற்பதும் கூத்தையாவின் வேலைதான். முதல் நாளே ராக்கு அவனிடம் சொல்லிவிட்டாள். "நாங்க கம்பியத் தொட மாட்டோம் தலையாரி. நாப்பது நாளு இருக்குல்ல. ஒன் வீட்டத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்."

குழியைப் பார்த்த அன்று சாயங்காலம், அவன் மனைவி பூமயில் கஞ்சி ஊற்றும்போது அவள் வாயிலிருந்து மழை வாசம் வந்தது. மழை பெய்து நாலு மாசம் ஆகியிருந்தது. அவள் பேசாமல் இருந்தபோதும் பல்லுக்கிடையில் எதுவோ நறநறவென்றது.

கூத்தையா சிரித்துக்கொண்டான். பிள்ளைத்தாய்ச்சி சாம்பலைத் தின்பாள், திருநீற்றைத் தின்பாள், சுவரைச் சுரண்டித் தின்பாள்; அதிலென்ன இருக்கிறது? "கொல்லையில பறிச்சது நீதானா? கேட்டா நல்ல மண்ணா எடுத்தாந்து தருவேன்ல?"

"நாந் திங்கலைங்க," என்றாள் பூமயில்.

"பின்னே?"

அவள் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். "உள்ள இருக்குறது கேக்குது."

மறுநாள் அவன் கண்மாயிலிருந்து ஆறு கூடை கரம்பை மண் சுமந்துவந்து குழியை நிரப்பி மிதித்தான். அதற்கடுத்த நாள் மதியம் பார்த்தபோது, அவன் கொட்டிய ஆறு கூடை மண்ணும் குழிக்கு வெளியே ஓரமாக, அம்பாரம் கட்டியது போல ஒதுங்கிக் கிடந்தது. குழி இன்னும் ஆழமாகியிருந்தது. அதற்குக் கண்மாய் மண் வேண்டாம். எந்த மண்ணைத் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினானோ, அந்த மண்தான் வேண்டும். இது புரிந்ததும் அவன் அரிவாளை எடுத்தான்.

உடைமுள்ளை வெட்டிக் குழியைச் சுற்றி வேலி அடைத்தான். ஊர் வேலிக்குக் காவல் நின்றவன் இப்போது தன் கொல்லைக்குள் ஒரு வேலிக்குக் காவல் நின்றான். முள் அசையவில்லை. காலடி இல்லை. உச்சி வெயிலில், காக்கைகூடக் கத்தாத நேரத்தில், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டான்: குழிக்குள் மண் இறங்கிக்கொண்டிருந்தது. சரியவில்லை, இடியவில்லை. புனலில் ஊற்றிய எண்ணெய் இறங்குவது போல, நடுவில் சுழித்து, மெல்ல, சத்தமே இல்லாமல். அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தான். பூமயில் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே மென்றுகொண்டிருந்தாள்.

அவள் வயிறு ஏழு மாச வயிறாக இல்லை. முப்பத்தாறாம் நாள் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. முப்பத்தேழாம் நாள் அவள் படுத்திருந்த இடத்தில் தரை அமுங்கி, பாயோடு ஒரு சாண் இறங்கியிருந்தது. அவளைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்க முயன்றான். நெல் மூட்டையை அநாயாசமாகத் தூக்குகிறவனால் அவளை அசைக்கக்கூட முடியவில்லை. தோல் மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது. பயந்துகொண்டே வயிற்றில் கையை வைத்தான். உள்ளே பிள்ளை உதைத்தது. நன்றாக, பலமாக உதைத்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அன்றைக்கு அழாமல் இருந்தான்.

மருத்துவச்சியைக் கூப்பிட முடியாது. அவள் இந்த வாசலில் கால் வைத்தால் அடுத்த நிமிஷம் ஊருக்கே தெரிந்துவிடும். சேதுராமனிடம் போய் நின்றான்.

"வீட்டுல சொகமில்லீங்கய்யா."

சேதுராமன் முதலில் தெருக்கதவைச் சாத்தினார். "ஏலே, இன்னும் மூணு நாளு. வாயத் தொறந்தேன்னா நெலமும் போச்சு, தலையாரி வேலையும் போச்சு. அதிகாரி முன்னால பொய் எல்ல நடந்தவன எங்கன கொண்டுபோயி வைப்பாகன்னு ஏட்டையாகிட்டக் கேட்டுக்க. அப்புறம் அவளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

நாற்பதாம் நாள் காலையில் பூமயில் கண்ணைத் திறந்து அவன் வேட்டி நுனியைப் பிடித்தாள். அவள் உதட்டு வெடிப்பிலிருந்து புழுதி உதிர்ந்தது.

"சொல்லிருங்க. பொய்யின்னு சொல்லிருங்க. அதுக்குப் பத்தல. இனிமே எடுக்க மண்ணில்ல."

"சொல்லிருதேன் பூமயிலு. சத்தியமாச் சொல்லிருதேன்." அவன் மனசாரத்தான் சொன்னான். செம்பில் தண்ணீர் எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தான். "கல்லப் பிடுங்கட்டும், செயில்ல போடட்டும். நான் இந்தா போயிட்டு வாரேன்."

வேலிக்குப் பக்கத்தில் ஊர் கூடியிருந்தது. அதிகாரி நாற்காலியில், மடியில் பெரிய புத்தகத்தோடு. அவருக்குப் பின்னால் ஏட்டு. சேதுராமன் மடியில் கையை விட்டு, நாலாக மடித்த பட்டாக் காகிதத்தைக் கூத்தையா பார்க்கும்படி எடுத்துத் திரும்பச் செருகினார். கச்சான் காற்றில் கம்பி முனகிக்கொண்டே இருந்தது.

ராக்கு முன்னால் வந்து நின்றாள். "தலையாரி, வீடு சொகமா?"

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். ஏட்டின் இடுப்பு வாரில் பித்தளைக் கொக்கி வெயிலில் மின்னியது. தன்னைக் கட்டி இழுத்துப் போனால் அவள் தனியாகக் கிடப்பாளே என்று நினைத்தான். அது பொய். அவனுக்கே தெரியும் அது பொய் என்று. அந்தக் காகிதத்தைத்தான் நினைத்தான்.

"சொகம்."

கம்பியின் முனகல் நின்றது. காற்று அப்படியே வீசிக்கொண்டுதான் இருந்தது. ராக்குவின் முந்தானை பறந்தது. கம்பி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டது.

"வீடு சொகமா?"

"சொகம்."

நாக்கில் ஏதோ நறநறவென்றது. துப்பினான். செம்மண். அவன் கொல்லை மண்.

ராக்கு அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். "ஏலே," என்றாள் மெதுவாக. "யோசிச்சுச் சொல்லுப்பா. இதுக்குப் பொறவு நாங் கேக்க முடியாது. வீடு சொகமா?"

"சொகம்."

"அப்பச் சரி," என்று ராக்கு ஒதுங்கிக்கொண்டாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

காகிதம் அவன் கைக்கு வந்ததோ இல்லையோ, ஓடினான். வீடு நூறு தப்படிதான். ஓடினான். வாசல் கதவு திறந்து கிடந்தது.

பாய் இருந்தது. செம்பு இருந்தது. தண்ணீர் தொடாமல் இருந்தது.

பூமயில் இல்லை.

எழுந்து உட்கார முடியாதவள். எங்கே போவாள்?

பாயிலிருந்து பின்கதவு வரை தரையில் ஓர் அகலமான தடம். கனமான எதையோ இழுத்துப்போன தடம். நிலைப்படியில் இரண்டு பக்கமும் விரல் பிடித்த கீறல். பத்து விரல்.

கொல்லைக்குப் போனான்.

குழியைக் காணோம்.

முள்வேலி அப்படியே இருந்தது. ஒரு கிளைகூட நகரவில்லை. உள்ளே மண் நிரவி, ஈரமாக, வழித்து மெழுகியது போலக் கிடந்தது. ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் மண் சமமாக இல்லை என்பதைப் பார்த்தான். நடுவில் மேடு. மெல்லிய மேடு. ஒருத்தி மல்லாந்து படுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

முள்ளைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தான். இரண்டு கையாலும் பறித்தான். ஒரு கை மண்ணை எடுத்தால் இரண்டு கை மண் வந்து மூடியது. பறித்தான். மூடியது. நகம் பிய்ந்தது.

"பூமயிலு."



கையை மேட்டின் மேல் வைத்தான். மண் குளிர்ந்திருந்தது. வேலிப் பக்கமிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டது. எல்லைக்கல்லை நிரந்தரமாக இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளங்கைக்குக் கீழே, நன்றாக, பலமாக, மண் உதைத்தது.