கையைத் தூக்கினால் போதும்

விசில் சத்தம் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“மேடம்! வாப்பஸ் ஆவோ! ஜால் கே பாஹர் மத் ஜாவோ!”

திரும்பி வா, வலைக்கு வெளியே போகாதே என்று இந்தியில் ஒரு கத்தல். பானு திரும்பினாள். அந்தமானின் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் முதலைகள் உள்ளே வராமலிருக்கக் கட்டிய வலை அது. அதன் மிதவைக் கயிற்றைத் தூக்கி, அந்தப் பக்கம் போகப் பார்த்தபோதுதான் விசில். கரையில் மஞ்சள் பனியனோடு ஒரு லைஃப்கார்டு, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தான்.

“மாடு மாதிரி கத்துறான்...” என்று முணுமுணுத்தபடி கரையேறினாள்.

“மாடுதாங்க. ஆனா தமிழ் மாடு.”

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி தொங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இரண்டு கண்கள்... பிறகுதான் கோபம் ஞாபகத்துக்கு வந்தது.

“முதல கடிச்சா என்னத்தானே கடிக்கும்? எதுக்கு இப்பிடி ஏசுறீங்க?”

“அதுக்கு வயித்துவலி வந்தா நான்ல பதில் சொல்லணும்!”

துண்டை உதறிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாக இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த வாரமே அவன் அவளுடைய கவுன்டரில் வந்து நின்றான். போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுப்பது பானுவின் வேலை. கம்பிக்கு வெளியே அந்தக் கண்கள். அடையாள அட்டையில் பெயர்: அன்பழகன்.

“திக்லிபூர், ஒண்ணு. வீட்டுக்குப் போறேன்.”

“ஜெராக்ஸ் ஆகாது. ஒரிஜினல் குடுங்க.”

“விசில் அடிச்சதுக்குப் பழியா?”

“லைன்ல நின்னு பேசக் கூடாது. சுருக்கா குடுங்க.”

“சுருக்கா...” என்று அவன் ருசித்துச் சொன்னான். “ஹட் பேயா நீங்க? அந்த சிலோன்காரங்க தமிழ் தனியா தெரியுதே.”

ஹட் பேதான்; லிட்டில் அந்தமான் தீவில், சிலோனிலிருந்து வந்த தமிழர்கள் குடியேறிய ஊர். அப்பா வெள்ளைச்சாமி அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பானு குழந்தையாக இருந்தபோது சுனாமி அம்மாவைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து வெகுகாலம் அந்த வீட்டில் யாரும் கடலில் கால் நனைக்கவில்லை. ஊருக்கெல்லாம் கப்பல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள், தானே கப்பலேறினால் கரை வரும்வரை கண்ணை மூடிக்கொள்வாள். மூடியது போதும் என்று ஒருநாள் தோன்றியது. நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்... இடையில் ஓய்வு இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை.

டிக்கெட்டை நீட்டியபடி அவனிடம் மட்டும் சொன்னாள். போட்டி என்று கேட்டதும் அன்பழகனின் சிரிப்பு நின்றது.

“அதுக்குத்தான் வலையத் தாண்டப் பாத்தீங்களா? அன்னைக்குக் காவல் படகுல நான்தான் இருப்பேன். முடியலைன்னா கையத் தூக்குங்க. வந்துடுவேன்.”

“தூக்க மாட்டேன்.”

“தேவைப்பட்டா...”

“தேவைப்படாது. நெக்ஸ்ட்!”

போட்டி நாள் காலையில் அமைப்பாளர்கள் விதிகளைச் சொன்னபோது பானுவின் காதில் விழுந்தது தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான். ஊதல் ஒலித்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். அவளும்.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்து நீந்தினால் போதும். கடலில் கோடு இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஆரஞ்சு மிதவை எங்கேயோ இருந்தது, அவள் எங்கேயோ இருந்தாள். யாரோ ஒருவரின் கால் நீச்சல் கண்ணாடியில் உதைத்தது. உப்பு தொண்டையில் இறங்கியது. கீழே... அடியே தெரியாத பச்சை. அம்மா இதைத்தான் கடைசியாகப் பார்த்தாளா?

மூச்சு சின்னதானது. சற்றுத் தள்ளி ஒரு சிறு துடுப்புப் படகு. அதில் மஞ்சள் பனியன். அவன் கூப்பிடவில்லை, விசில் ஊதவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

தூக்கினால் எல்லாம் முடிந்தது... தூக்காவிட்டால்?

பானு கையைத் தூக்கினாள்.

இரண்டே துடுப்பில் படகு பக்கத்தில் வந்தது. “மூக்கப் பிடிச்சுக்கோங்க. படகு மூக்க.”

“அவுட்டா நான்?” அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“யாரு சொன்னா? பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணாலும் நில்லுங்க. நான் இழுக்கக் கூடாது, படகு முன்னாடி நகரக் கூடாது. அதான் ரூல். காலையில சொன்னப்போ தூங்குனீங்களா?”

சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. பிடித்துக்கொண்டாள். அவன் துடுப்பைக் குறுக்கே வைத்து, அலையோடு அவளையும் படகையும் அசையாமல் வைத்திருந்தான். மூச்சு மெல்லத் திரும்பியது.

“அன்பழகன்...”

“ம்?”

“விடப்போறேன்.”

“விடுங்க. அந்தத் தென்னை மரத்தப் பாத்துப் போங்க. நாலு கைக்கு ஒருதடவ தலையத் தூக்குங்க.”

விட்டாள். மணல் காலில் பட்டபோது பின்னால் இரண்டே பேர் இருந்தார்கள்.

ஈரக்காலில் மணலோடு ஷூ மாட்டினாள். தோழி சித்ராவிடம் இரவல் வாங்கிய சைக்கிள் மேட்டில் முனகியது. மழை பிடித்துக்கொண்டது. தொடை எரிந்தது, மிதித்தாள். இறங்கி ஓடியபோது கால்கள் வேறு யாருடையவோ மாதிரி இருந்தன. அந்த இருவரும் முந்திப் போனார்கள். போகட்டும்... நடந்தாள், ஓடினாள், நடந்தாள், ஓடினாள். நிற்கவில்லை.

முடிவுக் கோட்டில் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். கடைசி ஆளாக அவள் கடந்தபோது ஒரே ஒரு விசில் நீளமாக ஒலித்தது. யார் ஊதியது என்று பார்க்க வேண்டியதில்லை.

மெடலைக்கூடச் சரியாக மாட்டாமல் ஹட் பேக்கு போன் போட்டாள்.

“அப்பா... நான் கடல்ல இறங்கினேன். நீந்திட்டு வெளிய வந்துட்டேன்.”

வெள்ளைச்சாமியின் குரல் உடைந்து வந்தது. “தலையத் தொவட்டினியா புள்ள?”

“தொவட்டினேம்ப்பா...” மழை அவள் தலையில் வழிந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாலடி தள்ளி அன்பழகன் நின்றிருந்தான். வலது கையை மட்டும் தலைக்கு மேல் நேராகத் தூக்கி வைத்திருந்தான். விளையாட்டுக் கண்கள் முதல்முறையாகப் பயந்திருந்தன.

“என்னது இது?”

“முடியலைன்னா தூக்கச் சொன்னது நான்தானே... எனக்கு முடியல, பானு. டிக்கெட் வாங்கின அன்னைக்கிலேருந்து முடியல. திக்லிபூர்ல போய் இறங்கினா, திரும்பி வர்ற கப்பல் எப்போன்னுதான் கேட்டேன்.”

மழை இருவருக்கும் நடுவே விழுந்துகொண்டிருந்தது. மெடலைச் சரிசெய்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“பிடிச்சுக்கோங்க. எவ்வளவு நேரம் வேணாலும். ஆனா இழுக்கக் கூடாது... அதான் ரூல்.”